ஒளிமின் விளைவு: சோடியம் முதல் காவலூர் வரை

மேல்நிலை வகுப்பு இயற்பியல் நூலில் 'ஒளிமின் விளைவு' என்னும் பாடத்தைக் கண்டதும், தோழியர் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகின்றனர். உண்மையில் அச்சூத்திரம், கடையில் மீதிச் சில்லறை வாங்கும் கணக்கைவிடக் கடினமானதன்று. அதன் பொருளை உணர்ந்துகொண்டால், நம் தமிழ்நாட்டு மலையொன்றில் நிகழ்ந்த அரிய வானாய்வையும் நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தகுந்த ஒளி ஓர் உலோகத்தின் மீது படும்போது, அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. இதுவே ஒளிமின் விளைவு. இதற்கான முதல் அறிகுறியை 1887இல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டார். 1902இல் லெனார்டு செய்த சோதனைகள் ஒரு புதிரை எழுப்பின. ஒளியின் செறிவைக் கூட்டியபோது வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அவற்றின் ஆற்றல் சிறிதும் கூடவில்லை. ஒளி வெறும் அலையே என்றால், பெரிய அலை கரையிலுள்ள பொருளை அதிக வேகத்துடன் தள்ளுவதுபோல, செறிவான ஒளியும் எலக்ட்ரானை வேகமாகத் தள்ளியிருக்க வேண்டுமல்லவா?

1905இல் ஐன்ஸ்டீன் இப்புதிரை விடுவித்தார். ஒளியின் ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்றார் அவர். அப்பொட்டலத்தையே இன்று ஃபோட்டான் என்கிறோம். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்ததற்கு இவ்விளக்கமே காரணமாகக் குறிப்பிடப்பட்டது.

இதை ஓர் உவமையால் காண்போம். பள்ளிப் பொருட்காட்சி ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் 3 ரூபாய் என்று கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாணயம்தான். ஒருவர் காசை மற்றவர் காசுடன் சேர்க்கக் கூடாது. 2 ரூபாய் நாணயத்துடன் நூறு பேர் வந்தாலும் ஒருவரும் உள்ளே போக முடியாது. 5 ரூபாய் நாணயத்துடன் ஒருத்தி வந்தாலும் அவள் நுழைந்துவிடுவாள். கையில் 2 ரூபாய் மீதியும் இருக்கும். இங்கே நாணயத்தின் மதிப்பு ஒளியின் நிறத்தைக் குறிக்கிறது. வந்தவர்களின் எண்ணிக்கை ஒளியின் செறிவைக் குறிக்கிறது. கட்டணம் என்பது உலோகத்தின் வெளியேற்று ஆற்றல். மீதிக் காசே வெளிவரும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல்.

இனிக் கணக்கிடுவோம். ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் பெற, 12,400 என்னும் எண்ணை ஆங்ஸ்ட்ராம் அலகிலுள்ள அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 4,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஊதா ஒளி சோடியத்தின் மீது படுகிறது. ஃபோட்டானின் ஆற்றல் 12,400 ÷ 4,000 = 3.10. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.28. மீதி 0.82 எலக்ட்ரான் வோல்ட். இது மிகச் சிறிய ஆற்றலே. ஆயினும் எலக்ட்ரானின் நிறை அதனினும் சிறியது. ஆகையால் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 540 கிலோமீட்டர்! தடையின்றிச் சென்றால், சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரே விநாடியில் மதுரையைத் தாண்டிவிடும்.

நம் ஆய்வகத்துச் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 5,893 ஆங்ஸ்ட்ராம். ஆற்றல் சுமார் 2.10. இது 2.28ஐ விடக் குறைவு. எனவே சோடியம் விளக்கின் ஒளியால் சோடியத்திலிருந்தே ஓர் எலக்ட்ரானையும் வெளியேற்ற இயலாது. ஒன்றுக்குப் பத்து விளக்குகளை ஏற்றினாலும் பயனில்லை.

ஆகவே, நிறம் எலக்ட்ரானின் ஆற்றலை முடிவு செய்கிறது. செறிவு அதன் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. இவற்றுள் இரண்டாவது உண்மையே வானியலாருக்குக் கைகொடுத்தது. விண்மீனின் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு எலக்ட்ரான்களும் குறையும். எலக்ட்ரான்களை அளந்தால் ஒளியை அளந்ததாகிவிடும். விண்மீனின் ஒளி மிக மங்கலானது என்பதால், வெளிவரும் ஒவ்வோர் எலக்ட்ரானையும் பல இலட்சமாகப் பெருக்கித் தரும் ஒளிமின் பெருக்கி என்னும் கருவியைத் தொலைநோக்கியுடன் பொருத்துவர்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1972இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு அருகே கடந்து செல்வதைக் காண அங்கே பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகியோர் காத்திருந்தனர். கோள் விண்மீனை நெருங்கும் முன்னரே விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து, மீண்டும் எழுந்தது. ஏதோ ஒரு பொருள் குறுக்கே வந்திருக்கிறது! அது ஒரு துணைக்கோளாகலாம் என்று அவர்கள் கருதினர். அதே இரவு, இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்தவர்கள், கோளின் இருபுறமும் இத்தகைய ஒளிக்குறைவுகள் ஒத்த தொலைவுகளில் நிகழ்ந்ததைக் கண்டனர். குறுக்கே வந்தவை துணைக்கோள்கள் அல்ல, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது அதனால் தெளிவாயிற்று. காவலூரில் எடுத்த அளவீடு சரியானதே. அதன் முழுப் பொருளை அறிய மற்றோர் இடத்து அளவீடும் தேவைப்பட்டது. பலர் கூடி உண்மை தேடுவதே அறிவியல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

தோழியரே, முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல் 4.3 எலக்ட்ரான் வோல்ட். முன்னர்க் கண்ட ஊதா ஒளி அதிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றுமா? பாதரச விளக்கின் 2,537 ஆங்ஸ்ட்ராம் புற ஊதாக் கதிர் வெளியேற்றுமா? முதல் வினாவுக்கு 'இல்லை' என்றும், இரண்டாவதற்குச் 'சுமார் 0.59 எலக்ட்ரான் வோல்ட் மீதி' என்றும் விடை வந்தால், இப்பாடம் இனி உங்களுக்கு மறக்காது.