குறி தவறுவது கையாலா, கருவியாலா?



ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி என்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் விளையாட்டுக் கருவி. சௌல்தாரியில் பிள்ளைகள் சிலர் அதை என்னிடம் கொண்டுவந்து, "அங்கிள், குறி தப்புது" என்பார்கள். கூட வரும் பெற்றோர், "இவனுக்குக் கை நிற்காது" என்று முடித்துவிடுவார்கள். சோதித்துப் பார்க்காமல் பிள்ளையின் மேல் பழி போடலாகாது. நான் சோதிக்கும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் பாதுகாப்பு. சுடும்போது அருகில் நிற்பவர் உட்பட எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். துடைக்கும் முன் குண்டுப்பெட்டியைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

காகிதச் சோதனை: பழைய போர்வையைத் தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு காகிதத்தைக் குத்துங்கள். 5 மீட்டர் தள்ளி அமர்ந்து, கையை மணல் பையின் மேல் ஊன்றி 10 குண்டுகள் சுடச் சொல்லுங்கள். பிறகு கையை ஊன்றாமல் இன்னொரு 10.

1. துளைகள் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு விலகியிருந்தால், குறிபார்க்கும் முனை சரியில்லை. அதைத் திருத்தினால் போதும்.

2. ஊன்றிச் சுட்டும் துளைகள் சிதறினால், குறை கருவியிலோ குண்டிலோ இருக்கிறது.

3. ஊன்றினால் நெருக்கம், ஊன்றாவிட்டால் சிதறல் என்றால் மட்டுமே கைப்பழக்கத்தைப் பார்க்க வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல அழுத்தப் பழக்குங்கள்.

இரண்டாவது வகைக்கு முதலில் குண்டைப் பாருங்கள். தரையில் பொறுக்கிய குண்டில் மண்ணும் கீறலும் இருக்கும். மீண்டும் போடக் கூடாது. 0.12 கிராம் குண்டு காற்றில் எளிதில் அலையும், 0.20 கிராம் போட்டுப் பாருங்கள். அடுத்து, குழாயை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள்.

சில துப்பாக்கிகளில் குழாயின் பின்முனையில் ஒரு சிறு ரப்பர் உண்டு. அது குண்டைப் பின்னோக்கிச் சுழற்றுகிறது. அச்சுழற்சியே குண்டைத் தாழாமல் தாங்குகிறது. ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடிப்புப் போய்விடும். நம் தீவின் மழை ஈரத்துக்குப் பயந்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எதையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் புதுக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் காரணம் தெரியாது.

கருவியின் குறை பெரிய வீரர்களையும் விடுவதில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது. நேரம் வீணாகி, 575 புள்ளிகளுடன் இறுதிச்சுற்றை இழந்தார். அன்றே "இவருக்குக் கை நிற்காது" என்று முடிவு கட்டியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு! 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

ஆகவே பெற்றோர்களே, காகிதம் சொல்வதைக் கேட்டபின் பிள்ளையிடம் பேசுங்கள்.