பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்களைச் சேகரிப்பது எப்படி?

பளபளப்பைப் பார்த்து ரிவால்வர் வாங்குகிறவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த கைத்துப்பாக்கியின் இரும்பு சும்மா இருக்காது. செய்த ஆலை, சோதித்த அதிகாரி, ஏற்றுக்கொண்ட அரசு, கடைசியில் கழித்து விற்ற கிடங்கு என ஒவ்வொரு கையும் அதில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். அந்த முத்திரைகளை ஊன்றிப் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இந்தச் சேகரிப்பு அலுக்கவே அலுக்காது. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு பணத்தை வெளியே எடுங்கள்.

அதற்கும் முன்னால் சட்டம். பிரிட்டனில் மருந்து கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடும் பழைய ரிவால்வர்களை அலங்காரப் பொருளாக மட்டும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். எந்தத் தோட்டாக்கள் வழக்கொழிந்தவை, எந்த ஆண்டுக்குள் செய்தது பழம்பொருள் என்பதை 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள் வரையறுக்கின்றன. 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், தோட்டாவும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ராணுவத்தின் .455 தோட்டா அதில் இல்லை. ஆகவே அந்தத் தோட்டாவைச் சுடக்கூடிய வெப்லி ரிவால்வர் எவ்வளவு பழையதானாலும் அங்கே தடை செய்யப்பட்ட ஆயுதமே. அரிதானவை, வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை என ஏற்கப்படும் சிலவற்றுக்கு மட்டும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குறுகலான வழி விட்டிருக்கிறது. அதற்கும் காவல்துறை அனுமதி வேண்டும், அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே துப்பாக்கியை வைக்கவும் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏற்றது, சுட முடியாதபடி முடக்கிச் சான்றிதழ் தந்த ரிவால்வர்தான். முடக்கும் தரம் பின்னாளில் கடுமையாக்கப்பட்டது. பழைய தரத்துச் சான்றிதழோடு வருவதை இன்று அப்படியே கைமாற்ற முடியாது. சான்றிதழின் தேதியைப் பாருங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்ததைப் பழம்பொருள் என்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வயதுக்குச் சலுகை இல்லை. பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் பழம்பொருளுக்கு விலக்கு. தாத்தா போலீஸில் இருந்தபோது வைத்திருந்தது என்று வீட்டில் ஒன்று கிடந்தாலும் உரிமம் வேண்டும்.

அடுத்து, வம்சாவளியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1856இல் ராணுவம் ஏற்ற போமான்ட்-ஆடம்ஸ், கேப்பு வைத்துச் சுடுவது. ராபர்ட் ஆடம்ஸின் பழைய வடிவத்தில் விசையை இழுத்தால்தான் சுத்தியல் எழும். ராணுவப் பொறியாளர் போமான்ட் அதைக் கட்டைவிரலாலும் எழுப்பும்படி மாற்றினார். பிறகு .450 தோட்டா போடும் ஆடம்ஸ் வகைகள் வந்தன. 1880இல் வந்த என்ஃபீல்ட் .476 சிப்பாய்களிடம் நல்ல பெயர் வாங்கவில்லை. சுட்ட கூடுகளை வெளியே தள்ளும்போது அடியில் இருக்கும் கூடு சிக்கி நின்றுவிடும். சேகரிப்பாளர்களுக்கு அந்தத் தோல்வியே சுவை. என் கணிப்பில், வடிவமைப்பு எப்படி வளர்ந்தது என்று புரிய என்ஃபீல்டைப் போல வேறொன்று கிடையாது.

1887இல் பர்மிங்ஹாம் வெப்லியின் மார்க் 1 வந்ததும் கதை மாறியது. மேலே பூட்டைத் திறந்து குழலைக் கீழே மடக்கினால் ஆறு கூடுகளும் ஒன்றாக எழும்பி விழும். மார்க் 2 1894இல், 3 1897இல், 4 1899இல், 5 1913இல், 6 1915இல். முதல் ஐந்தும் பெரும்பாலும் 4 அங்குலக் குழலும் பறவைத் தலை போல வளைந்த கைப்பிடியும் கொண்டவை. மார்க் 6க்கு 6 அங்குலக் குழல், சதுர அடிக் கைப்பிடி. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் புழங்கியது இதுதான். தேவை பெருகியதால் அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனங்களிடமும் ஸ்பெயினின் ஆலைகளிடமும் .455 ரிவால்வர்களை ராணுவம் வாங்கியது. 1932இல் எடை குறைந்த .38 என்ஃபீல்ட் எண் 2 வந்தது. 1938இல் அதன் சுத்தியலின் நீட்டலை வெட்டிவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அது சிக்கியது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பழைய துப்பாக்கிகளையும் பின்னர் அப்படியே மாற்றினார்கள். நீட்டல் மாறாமல் தப்பியவைக்கு அதனால்தான் மவுசு.

இவ்வளவையும் ஒருவரே சேர்க்க நினைத்தால் ஆயுள் போதாது. ஒரு கிளையைப் பிடியுங்கள். வெப்லி மார்க் 1 முதல் 6 வரை ஒரு வரிசை, அல்லது முதல் உலகப் போர் மட்டும். நான் சொல்வது மார்க் 6. எண்ணிக்கையில் நிறையச் செய்ததால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும், தவறாக வாங்கினாலும் நட்டம் குறைவு. லீட்ஸில் 1996 முதல் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இவற்றின் அசல்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு சந்தைக்கு வாருங்கள்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. விற்பவர் சொன்னதை நம்பாதீர்கள். கேப்பு ரிவால்வர்களில் நூறு ஆண்டு கழிந்தும் மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்தது உண்டு. சிலிண்டரின் முன்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள், மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொரு அறையின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். விசையை வெறுமனே இழுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்; பழைய சுத்தியல் முனை முறிந்தால் மாற்று கிடைப்பது கடினம்.

இனி பூதக்கண்ணாடி. கீழிருந்து மேலாகக் கூடும் மூன்று கோட்டு அம்பு, அரசின் சொத்து என்பதன் அடையாளம். கிரீடம், கீழே எண், அதன் கீழ் ஆங்கில ‘இ’ என்றால் என்ஃபீல்டில் சோதித்த அதிகாரியின் முத்திரை. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால், ராணுவம் அதை அதிகாரபூர்வமாகக் கழித்து விற்றது. சந்தைக்கு வந்தபோது பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தின் கிரீட முத்திரைகளும் ஏறியிருக்கும். வெளிநாட்டில் செய்தவற்றில் ‘ஆங்கிலத் தயாரிப்பு அல்ல’ என்றே பொறித்திருப்பார்கள். வரிசை எண் சட்டகத்திலும் குழலிலும் சிலிண்டரிலும் ஒன்றாக இருக்கிறதா? ஒன்று மாறினாலும் விலையைப் பேசுங்கள். அம்பே இல்லாத வெப்லியை ஒதுக்கிவிடாதீர்கள். அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கினார்கள், ராணுவத் தோட்டா பொருந்தினால் போதும். லண்டனின் வில்கின்சன் நிறுவனம் விற்ற வெப்லிகள் அப்படிப்பட்டவை. அவற்றின் மெருகும் பொருத்தமும் தனி.

சிலிண்டரின் பின்முகத்தைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளில் அந்த முகத்தைக் கடைந்து, .45 ஏசிபி தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கு மிக அதிகம், சிலிண்டர் வெடிக்கக்கூடும். கடைந்ததைச் சேகரிப்பாளர் பாதிக்கப்பட்ட பொருளாகவே எண்ணி விலை வைக்க வேண்டும்.

இரண்டு வகை போலிகள் அதிகம். மார்க் 6இன் முனையில் மாட்டும் பிரிட்சர்ட் பயனெட் ஒன்று. ராணுவம் அதை ஏற்கவே இல்லை, அசல் மிகக் குறைவு, நகல்கள் ஏராளம். மற்றது, பின்னாளில் பொறித்த அதிகாரிப் பெயர். புகழ்பெற்ற பட்டாலியனின் பெயர் துப்பாக்கியின் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப் போர் அதிகாரிகளின் கோப்புகள் உள்ளன. பெயரும் ஆண்டும் துப்பாக்கி செய்த தேதியும் ஒத்துவராவிட்டால், பெயருக்காக ஒரு காசும் கூடுதலாகத் தராதீர்கள்.

வாங்கியதும் பாலிஷ் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தேய்ந்த கருநீல மெருகும் கறையும்தான் அதன் வரலாறு; மறுபடி மெருகேற்றியதை அறிந்தவர் தொடமாட்டார். இரண்டாம் உலகப் போர்க் கால .38 வெப்லிகளில் ‘போர்க்கால மெருகு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்தே, கருவித் தடத்தோடு அனுப்பினார்கள். அந்தக் கரடுமுரடு ஆலையிலிருந்து வந்தது. புதுத் துரு இருந்தால் மட்டும் மென்மையான எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு மெல்லத் தேயுங்கள். மேலே ரினேஸான்ஸ் மெழுகு மெல்லிசாகப் பூசலாம். 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக்கூடத்தில் பிறந்த மெழுகு அது. வியர்வைக் கையால் தொடாமல் கையுறை போடுங்கள். தோலுறையை அருகில் வைக்கலாமே தவிர அதற்குள் துப்பாக்கியை நாள்கணக்கில் விடக்கூடாது. தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். ஈபோனைட் கைப்பிடி வெயிலில் பழுப்பாகிவிடும், வெளிச்சம் படாத அலமாரி நல்லது.

ஒவ்வொரு ரிவால்வருக்கும் ஒரு ஏடு போடுங்கள். எல்லா முத்திரைகளின் படம், வாங்கிய ரசீது, சான்றிதழ், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழி, அனைத்தும் அதில் இருக்கட்டும். உங்களுக்குப் பின் குடும்பத்தார் அதை என்ன செய்ய வேண்டும், எந்த உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைக்க வேண்டும், எதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.