வெடித்தல் என்னும் வினை

சில திங்கள்களுக்கு முன் எம் வகுப்பு மாணாக்கர் ஒருவர் தமிழ்ப் பகுதியொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொணர்ந்தார். ‘மழையின்மையால் வயல் வெடித்துக் கிடந்தது, அயலே கரிசலிற் பருத்தி வெடித்திருந்தது’ என்பது மூலம். அவரோ வெடிகுண்டுக்கு வழங்கும் ஆங்கில வினையையே ஈரிடத்தும் அமைத்துவிட்டார். வகுப்பு நகைத்தது. “ஐயா, அகராதி காட்டிய சொல்லைத்தானே எழுதினேன்?” என்றார் அவர். வினா நியாயமானதே, நகைத்தோருட் பலரும் அதற்கு விடை கூற அறியார்.

வெடித்தல் என்பதன் அடிப்படைக் கருத்து ஓசையன்று, பிளவு. உள்ளிருந்து நெருக்குதலாலேனும் ஈரம் வற்றுதலாலேனும் மேற்பரப்பு விள்ளுதலே அது. களிமண் மிகுந்த கரிசல் நிலம் கோடையிற் சுருங்கி வெடிக்கும். அந்நிலத்திலேயே பருத்திக் காயும் முற்றி வெடிக்கும். முன்னதைக் கண்ட உழவன் வானத்தை நோக்குவான். பின்னதைக் கண்டவன் ஆள் தேடுவான். இரண்டினும் அதிரும் ஓசை யாதுமில்லை. குதிகாலிற் காணும் பித்தவெடிப்பும் இவ்வினத்ததே. வெடிமருந்து வந்தபின்னரே ஓசைப்பொருள் மேலோங்கிற்று என்று கருதுகிறேன். யாழ்ப்பாணத்தாரும் மலையாளத்தாரும் துப்பாக்கிச் சூட்டையே ‘வெடி’ என்பர். துள்ளிப் பாய்தலும் தீநாற்றமுங்கூட ‘வெடி’ எனப்பட்டன. இவை இன்று பேச்சில் அருகின.

இலக்கணத்திலும் ஒரு புதுமை உண்டு. கலம் உடைந்தது, கலத்தை உடைத்தான் எனப் பிற வினைகள் வடிவு வேறுபடும். இதுவோ, பட்டாசு வெடித்தது, சிறுவன் பட்டாசு வெடித்தான் என ஒரே வடிவில் இரண்டிடத்தும் நிற்கும்.

இனி, ஒத்த பொருளன எனப்படும் சொற்களைக் காண்போம். உண்மையில் இவை முற்றும் ஒத்தன அல்ல. பொங்குதல் சிறிது சிறிதாக மேலெழுவது. பாலும் பொங்கும், சினமும் பொங்கும். பீறிடுதற்கு ஒடுங்கிய வாயில் வேண்டும். ஆதலின் குருதி பீறிடும், அடக்கிய அழுகையும் பீறிடும். தெறித்தல் சிறு துணுக்குகளின் செயல். குமுறுதலோ வெளிப்படாது உள்ளே முழங்குவது. சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையேயுள்ள கிரக்கட்டோவா எரிமலை 1883 மே மாதத்திற் குமுறத் தொடங்கி, ஆகஸ்டு 27-இல் வெடித்தது. அவ்வோசை ஏறக்குறைய 3,000 மைலுக்கு அப்பால் ரொட்ரீக்ஸ் தீவிலும் கேட்டதாம். ஈண்டுக் குமுறலையும் வெடித்தலையும் இடமாற்றி எழுதினால் மூன்று மாத வரலாறே கெடும். மனிதர் துயரமும் இவ்வாறே: நெடுநாட் குமுறியது ஒருநாள் வெடிக்கும்.

பத்திரிகைகள் ‘போர் வெடித்தது’ என்று எழுதுதல் எமக்கு உடன்பாடன்று. போரும் கலகமும் பகையும் தமிழில் மூளும். மூளுதல் தீப்பற்றுதல், ஒருவர் மூட்டாது அது மூளாது. 1914-இலும் 1939-இலும் போர் மூண்டது என்னும்போது, மூட்டியவர் யார் என்னும் வினா உடன் எழுகின்றது. வெடித்தது என்றால், தானே நேர்ந்த விபத்துப் போலாகி அவ்வினா மறைந்துவிடுகின்றது.

மறுநாள் அம்மாணாக்கர் திருத்திய படியைக் கொணர்ந்தார். வயலுக்கு விரிசலைக் குறிக்கும் சொல் சரியாகவே அமைந்திருந்தது. பருத்திக்கும் அதனையே இட்டிருந்தார்! ஆங்கிலத்திற் பருத்திக் காய் திறக்கும் என்று கூறி, மீண்டும் அனுப்பினேன்.