மிச்ச வயரைச் சுருட்டி வைக்கலாமா?

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று வாழும் வணிகர்கள் நம்மில் பலர். வயரிங் வேலை முடிந்ததும் மிச்ச நீளத்தை வெட்டாமல், "பிறகு உதவும்" என்று வட்டமாகச் சுருட்டிப் பரணில் கட்டிவிட்டுப் போவது வழக்கம். வயர் விற்கும் விலையில் வெட்ட நமக்கும் மனம் வராது.

என் கடையிலும் அப்படி ஒரு சுருள் இருந்தது. பல ஆண்டுகள் அந்த லைனில் பிரிட்ஜ் மட்டும் ஓடியது. ஒரு தொல்லையும் இல்லை. பின்கட்டில் இண்டக்ஷன் அடுப்பையும் அதில் இணைத்த சில நாட்களில், பரணிலிருந்து கருகல் வாடை வந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால், சுருளின் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மேலே கிடந்த சாக்கும் கருகியிருந்தது. எம்.சி.பி. மட்டும் விழவே இல்லை!

ஏன் விழவில்லை? கணக்குப் போட்டால் புரியும்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் சுருள் என்று கொள்வோம். போக 20, வர 20, ஆக 40 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ அரை ஓம். பிரிட்ஜ் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும்போது சுருளில் உண்டாகும் வெப்பம் அரை வாட்டுதான். 2000 வாட் அடுப்போ சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் 9 மடங்கானால் வெப்பம் 81 மடங்காகும். அதாவது சுமார் 40 வாட்.

வயர் நீண்டு கிடந்தால் இந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். சுருளிலோ ஒரு சுற்று மற்றொரு சுற்றைச் சூடாக்கும். சாக்கு மூடியிருந்தால் வெளியேற வழியே இல்லை. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ் வரைதான். எம்.சி.பி. ஆம்பியரைத்தான் அளக்கும், சுருளின் சூட்டை அறியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 9 ஆம்பியர் நியாயமான சுமையே. மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுபிடிக்காது.

ஆகவே வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இணைப்பிலுள்ள வயரில் மிச்சம் வேண்டாம். மெயினை அணைத்து, தேவையான நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்குள் ஆறு அங்குலம் விட்டால் பிற்காலப் பழுதுக்குப் போதும்.

2. நடுவில் வெட்டி முறுக்கி டேப் ஒட்டுவது கூடாது. இணைப்பு அவசியமானால், மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் வைத்து இறுக்க வேண்டும்.

3. வெட்டி எடுத்த துண்டைச் சுருட்டி வைக்கலாம். மின்சாரம் ஓடாத வயர் சூடாகாது. அளவை எழுதிக் கட்டி வையுங்கள். உறை வெடித்ததை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

4. எக்ஸ்டென்ஷன் ரீலை முழுவதும் விரித்த பிறகே அதிகச் சுமை கொடுங்கள். தரமான ரீல்களில் சுருட்டிய நிலைக்கு ஒன்று, விரித்த நிலைக்கு ஒன்று என இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும்.

5. மூட்டை, எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல், கற்பூரம் ஆகியவற்றின் அருகே வயர் தொங்கக் கூடாது. பைப்புக்குள் போனால் எலிக்கடியிலிருந்தும் தப்பும்.

6. அடுப்பு, கீசர் போன்றவற்றுக்குத் தனி லைன் வேண்டும். சுமைக்கு ஏற்ற வயரின் கனத்தை, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

வெட்டி எறியும் வயரின் விலை சில நூறு ரூபாய். பரணில் நாம் ஏற்றி வைத்திருக்கும் சரக்கின் மதிப்பு நமக்குத் தெரியும். பின்கட்டில் உறங்கும் பிள்ளைகளுக்கு விலை ஏது? இன்று கடை அடைக்கும் முன் பரணிலும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.