அறிவிப்பு வருமுன் காகிதங்களை அடுக்கிப் பாருங்கள்

திருவெறும்பூர்ப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் சில வாரங்கள் டீ குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. பெல் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுக்கிறது என்றால் கூட்டம். பொன்மலை ரயில்வே பணிமனைக்குத் தெற்கு ரயில்வே ஆள் கேட்டால் கூட்டம். போக்குவரத்துக் கழகம் டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி என்று அறிவித்தாலும் கூட்டம். ஐடிஐ, பாலிடெக்னிக், இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம்.

இத்தனை காலத்தில் நான் பார்த்த வரை, சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்கள் அபூர்வம். எல்லாக் காகிதமும் ஃபைலில் இருக்கும். ஆனால் ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்லாது. விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் வில்லங்கம் பெயர். ஒரு தம்பியின் ஃபைலை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மணிகண்டன் எம். டிப்ளமோவில் எம். மணிகண்டன். ஆதாரில் மணிகண்டன் முருகேசன். வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே கிடையாது. இது போதாதென்று ஆங்கிலத்தில் ஓரிடத்தில் நடுவில் ‘கே’, இன்னோரிடத்தில் ‘ஜி’. நம்மைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே பையன். கம்ப்யூட்டருக்கு அவர்கள் நாலு பேர். இப்போதெல்லாம் போர்ட்டலில் ஆதார் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்ததும் பெயர் அங்கிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகாரி கேட்கும்போது, “எல்லாம் நான்தான் சார்” என்று சொல்லிப் பயனில்லை.

“அண்ணே, எல்லாத்தையும் ஆதார் மாதிரி மாத்திடலாமா?” என்று கேட்பார்கள். கூடாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பெரும்பாலான அறிவிப்புகள் அதைத்தான் ஆதாரமாகக் கேட்கின்றன. அதில் கை வைப்பது பள்ளி, தேர்வுத்துறை என்று அலையவிடும் வேலை. ஆகவே அதில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, ஆதாரை மாற்றுங்கள். ஆதார் மையத்துக்கு அந்த மதிப்பெண் சான்றிதழையே கொண்டுபோகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று வீட்டிலேயே எழுதிப் பார்த்து, மையத்தில் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்த பிறகு சரி சொல்லுங்கள். ஆதார் திருந்திய பிறகு வங்கி, பான் அட்டை என்று மற்றவற்றுக்குப் போகலாம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசு வேலைகளுக்குச் செல்லும். ரயில்வே, பெல் போன்ற மத்திய நிறுவனங்களில் ஓபிசி சலுகை வேண்டுமென்றால் மத்திய அரசு படிவத்தில், வளமான பிரிவினர் இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். ரயில்வேயில் மூன்று வருஷ வயதுத் தளர்வு கிடைப்பதே அந்தக் காகிதத்தால்தான். உச்ச வயது 24 என்று இருக்கும் இடத்தில் 26 வயதுப் பையனுக்கு அது இல்லையென்றால் விண்ணப்பமே இல்லை. ஆயுள் முழுக்கச் செல்லும் காகிதமும் அல்ல அது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் வாங்கியதாகக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது நகர வேண்டும். நடுவில் தேர்தல் வேலையோ வெள்ள நிவாரணமோ வந்துவிட்டால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. அறிவிப்பு வந்த பிறகு இதற்கு ஓடாதீர்கள்.

முகவரியைச் சும்மா ஒரு வரி என்று பலர் நினைக்கிறார்கள். தெற்கு ரயில்வேயின் அப்ரண்டிஸ் அறிவிப்புகள் எந்தெந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று எல்லை போட்டே வருகின்றன. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, அந்தமான், லட்சத்தீவு, பக்கத்து மாநிலங்களில் ஒன்றிரண்டு மாவட்டங்கள், அவ்வளவுதான். பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருந்தபோது சிம் கார்டு வாங்க வசதியாக ஆதார் முகவரியை அங்கே மாற்றிய பையன்கள் இங்கே விழிப்பார்கள்.

மதிப்பெண் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரயில்வே அப்ரண்டிஸ் தேர்வுக்குப் பரீட்சை கிடையாது, மதிப்பெண் வரிசைதான். பத்தாம் வகுப்புச் சதவீதத்தை எல்லாப் பாடங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், நல்ல பாடங்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. ஐடிஐ பிள்ளைகள் எல்லாப் பருவங்களுக்குமான மதிப்பெண் பட்டியலும் தேசியத் தொழிற் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு சிஜிபிஏ தொல்லை. 7.8 என்பதைச் சதவீதமாக்க நீங்களாக ஒரு சூத்திரம் போடாதீர்கள். பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கை ஒரு கடிதமாகக் கல்லூரியிலிருந்து வாங்கி வையுங்கள். கல்லூரியில் நல்ல முகம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில், அதாவது டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கான என்.ஏ.டி.எஸ்ஸில், இன்னொரு விபரீதம் பார்க்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கிற பழக்கத்தில், இருக்கிற எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவேற்றச் சொல்வார்கள். “அனுபவம் இருந்தா நல்லதுதானே?” இங்கே நல்லதில்லை. ஏற்கனவே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்களுக்கும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களுக்கும் தகுதி இல்லை என்று அறிவிப்பிலேயே இருக்கும். புதிதாகப் படித்து முடித்தவர்களைத் தொழிலுக்குப் பழக்குவதுதான் திட்டம். அதற்காக ஒன்றரை வருஷம் ஒரு கம்பெனியில் பி.எஃப். பிடித்து வேலை பார்த்ததை மறைத்து விண்ணப்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் இதை விட்டுவிட்டு நேரடியாக வேலை தேடுவது நல்லது. எந்த வருஷம் தேர்ச்சி பெற்றவர்களைக் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். அரியர் வைத்தவர்கள் கோர்ஸ் முடிந்த வருஷத்தைப் போட்டுவிடுகிறார்கள். புரொவிஷனல் சான்றிதழில் அச்சாகியிருக்கும் மாதமும் வருஷமும்தான் கணக்கு.

இனி என் மேஜைக்கு வருகிறேன். ஸ்கேன் செய்வதில் பாதிப் பேர் பொறுமை இழக்கிறார்கள். செல்போனில் எடுத்த படத்தில் சான்றிதழுக்குப் பின்னால் பூப்போட்ட பெட்ஷீட் தெரியும். லேமினேட் செய்ததாக இருந்தால் நடுவில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும், அந்தக் கோடு சரியாகப் பதிவு எண் மேலேயே விழும். ஸ்கேனரில் போட்டு, நாலு மூலையும் தெரிய, நேராக எடுத்து, அதன் பிறகு அறிவிப்பில் சொன்ன கேபி அளவுக்குக் குறைக்க வேண்டும். குறைத்த பிறகு ஒரு தடவை பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே படிக்க முடியாததை அதிகாரி ஏன் படிக்க வேண்டும்? பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இருந்தால் அதையும் அதே பிடிஎஃப்பில் சேர்த்துவிடுங்கள். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளாகப் பெயரை எழுதிவிட்டு அதைக் கையெழுத்து என்றால் ரயில்வே ஏற்காது. விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தைச் சரிபார்ப்பு நாளிலும் போடத் தெரிந்திருக்க வேண்டும், ஸ்டைலாகப் போடுகிறேன் என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காதீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவசரத்துக்குக் கடைக்காரர் தன் மெயில் ஐடியையும் போன் நம்பரையும் போட்டுப் பதிந்துவிடுவார். பிறகு அழைப்புக் கடிதம் அவர் மெயிலில் நூற்றோடு நூற்றொன்றாகக் கிடக்கும். யார் கடைக்குப் போனாலும் உங்கள் மெயில், உங்கள் நம்பர். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். அந்த சிம்மை ரீசார்ஜ் இல்லாமல் சாகவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு விஷயம் தேர்வான பிறகுதான் தெரியவரும், அப்போது வலிக்கும். 2019 திருத்த விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை என்று நிர்ணயித்தார்கள். அந்தத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. இப்போது அரசின் பங்கு நேரடியாகப் பயிற்சியாளர் கணக்குக்கே போகிறது, அதுவும் ஆதார் வழியாக. “என் அக்கவுண்ட்ல ஆதார் கொடுத்திருக்கேனே” என்பார்கள். கேஒய்சிக்கு ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழுவதற்காக ஆதாரை அந்தக் கணக்கோடு சீடிங் செய்வது வேறு. பல கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக எதில் சீடிங் ஆனதோ அங்கேதான் பணம் போகும். மை ஆதார் தளத்தில் நுழைந்தால் எந்த வங்கி என்று காட்டிவிடும். பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஐஎஃப்எஸ்சி எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. அப்பா காலத்துப் பாஸ்புக்கில் உள்ள எண் இன்று செல்லாது.

ரயில்வேக்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்று உண்டு. அறிவிப்பின் பின்னிணைப்பில் இருக்கும் அதே படிவத்தில், உதவி சர்ஜன் நிலைக்குக் குறையாத அரசு மருத்துவரிடம் வாங்க வேண்டும். தெரு முனைக் கிளினிக்கில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய ஃபிட்னஸ் காகிதம் அங்கே எடுபடாது. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பயிற்சி ஒப்பந்தத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும், அதற்கு அவர்களுடைய அடையாள அட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை தருவார்களா என்று அம்மாக்கள் கேட்பார்கள். சட்டப்படி அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஒரு வருஷப் பயிற்சிக்கு அது சின்ன விஷயமில்லை.

கடைசியாகப் பணம். என்.ஏ.டி.எஸ். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ரயில்வே அப்ரண்டிஸ் விண்ணப்பத்துக்கு 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் கிடையாது. இதற்கு மேல் ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் கடைக்காரருக்குக் கொடுப்பதுதான் செலவு. உள்ளே ஆள் இருக்கிறது, இடம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால், மதிப்பெண் வரிசையில் அவரால் ஒருவரைக்கூட நகர்த்த முடியாது என்பதை நினைவில் வைத்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் உட்கார்ந்து பேசுவது என் கடையிலேயே ஆனாலும் சரி.