விர்ச்சுவல் மெஷினில் சிடி டிரைவ் இணைக்க: பயனுள்ள குறிப்புகள்

இப்போது வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லை. ஆனால் பழைய கணக்கு மென்பொருள், பிள்ளைகளுக்கு வாங்கிய பாட சிடிகள் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால்தான் அவற்றில் பல ஓடும். அதற்கு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, நல்ல வழி. ஆனால் அதில் சிடி டிரைவை இணைக்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

1. முதல் வேலையாக சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது சிடியின் முழு நகலாக, மாற்றிவிடுங்கள். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கினால் போதும். விண்டோஸில் இம்ஜ்பர்ன் மென்பொருள், லினக்ஸில் டிடி கட்டளை இதைச் செய்யும். ஒரு சிடிக்கு 700 எம்பி, சாதாரண டிவிடிக்கு 4.7 ஜிபி வரை இடம் வேண்டும். கீறலும் பூஞ்சையும் விழுந்த தகடுகளை நகலெடுப்பதை ஒத்திப்போடாதீர்கள். அடுத்த முறை படிக்காமலே போகலாம். பாட்டு சிடிகள் மட்டும் ஐஎஸ்ஓ ஆகாது.

2. விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் மெஷினை முழுக்க அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், கன்ட்ரோலர் பக்கத்தில் உள்ள தகடு படத்தை அழுத்தினால் ஆப்டிகல் டிரைவ் சேரும். 'சேவ் ஸ்டேட்' செய்து மூடிய மெஷினில் இந்த இடம் பூட்டியே இருக்கும். உள்ளே ஷட்டவுன் கொடுத்திருக்க வேண்டும்.

3. டிரைவைச் சேர்ப்பது வேறு, தகட்டைப் போடுவது வேறு. டிரைவை ஒருமுறை சேர்த்தால் போதும். அதன்பின் மெஷின் ஓடும்போதே டிவைசஸ் மெனுவில் ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று சிடிகளில் வரும் மென்பொருளை நிறுவ இதுதான் வழி.

4. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மென்பொருளின் சிடி டிரைவ் அமைப்பில் 'கனெக்டட்', 'கனெக்ட் அட் பவர் ஆன்' என இரண்டு கட்டங்கள் உண்டு. ஐஎஸ்ஓவைச் சரியாகக் காட்டியும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால், முதலில் இவற்றில் டிக் இருக்கிறதா பாருங்கள். முதலாவது இந்த நேரத்து இணைப்பு. இரண்டாவது, அடுத்தடுத்து மெஷினை இயக்கும்போது தானாக இணைவதற்கு.

5. விண்டோஸின் ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 2 மெஷின் நிஜ டிவிடி டிரைவை ஏற்காது, ஐஎஸ்ஓ மட்டும்தான். மெஷினை உருவாக்கிய பிறகு ஜெனரேஷனை மாற்றவும் முடியாது. பழைய விண்டோஸுக்கு ஆரம்பத்திலேயே ஜெனரேஷன் 1 தேர்ந்தெடுங்கள்.

6. எக்ஸ்பிக்கு சிடி டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஐடிஇ கன்ட்ரோலரில் வையுங்கள். சாட்டா கன்ட்ரோலருக்கான டிரைவர் எக்ஸ்பியின் நிறுவல் சிடியில் கிடையாது. ஹார்ட் டிஸ்க் சாட்டாவில் இருந்தால், நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

7. நிஜ டிரைவையே கொடுக்க வேண்டிய கட்டாயமும் சில நேரம் வரும். நகல் தடுப்பு போட்ட பழைய விளையாட்டு சிடிகள் அப்படிப்பட்டவை. அப்போது ஐஎஸ்ஓவுக்குப் பதிலாக ஹோஸ்ட் டிரைவை, அதாவது உங்கள் கணினியின் நிஜ டிரைவை, தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் 'பாஸ்த்ரூ' என்ற டிக், மெஷினுக்குள்ளிருந்து சிடி எழுதுவதற்கானது. வெறுமனே படிக்க அது தேவையில்லை.

8. நிறுவி முடித்ததும் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில மெஷின்கள் மறுபடி நிறுவல் திரைக்கே போய் நிற்கும். ஐஎஸ்ஓவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும் கோப்பைக் காணோம் என்று செய்தி வரும்.

9. எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அந்த மெஷினுக்கு இணைய இணைப்பு கொடுக்கவே வேண்டாம். உள்ளே கோப்பு அனுப்ப வேண்டுமா? அந்தக் கோப்புகளை ஓர் ஐஎஸ்ஓவாக்கிப் போடுங்கள். அதை உள்ளிருந்து படிக்க மட்டுமே முடியும் என்பதால், உங்கள் மற்ற கோப்புகளுக்கு ஆபத்தில்லை.

10. ஐஎஸ்ஓக்களை வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் நகலெடுத்து, எந்த சிடி என்று தெரியும்படி பெயர் வையுங்கள். சீரியல் எண் பெரும்பாலும் சிடி உறையில்தான் அச்சாகியிருக்கும். உறையைத் தூக்கி எறியும் முன் அதையும் ஒரு படம் எடுத்து, அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.