பொதிய மலையின் நீலன்

சென்னை மாநகரின் தென்பால் வங்கக் கடலை அடுத்து அமைந்தது கொட்டிவாக்கம் என்னும் ஊர். மணற்பரப்பும் தென்னையும் மிக்கிருந்த இடங்களில் இன்று மாடங்கள் நெருங்கி நிற்கின்றன. எனினும் ஏதேனும் ஒரு வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ தளிர்த்து நிற்குமாயின், அதனைத் தேடி ஒரு விருந்து வாராதிருப்பதில்லை. கருமையும் வெளிர்மஞ்சளும் விரவிய சிறகுகளையுடைய எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியே அவ்விருந்து. தாய்ப்பூச்சி இளந்தளிர்களில் முட்டையிட்டுச் செல்லும். முட்டையினின்று வெளிப்படும் புழு முதலிற் பறவையின் எச்சம் போலத் தோன்றும். வளர்ந்தபின் இலையின் பசுமையைத் தானும் மேற்கொள்ளும். அதனைத் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவட்டுக் கோல் போன்றதோர் உறுப்பை நீட்டி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தை வீசும். காக்கை குருவிகளை அஞ்சும் ஓர் எளிய உயிர்க்கு இயற்கை வழங்கிய படைக்கலம் அது.

இவ்வண்ணத்துப்பூச்சி ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றது. ஆயின் அங்குள்ள புழுக்கள் பெரும்பாலும் எலுமிச்சையை நாடுவதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கார்போகரிசி உண்டாகும் செடிக்கு உறவான செடிகளையே உண்கின்றன. அச்செடிகள் அவரைக் குடும்பத்தைச் சார்ந்தவை. உருவத்திற் சிறிது வேறுபாடும் உணவிற் பெரிது வேறுபாடும் உடைய அவ்வாஸ்திரேலியப் பூச்சியை அறிஞர் வேறோர் இனம் என்று பிரித்தாரல்லர்; அதே இனத்தின் வேறொரு கிளை என்றனர். இவ்வாறு ஓரினத்துள் நிலத்தால் பிரிந்து, நிலையான சில வேறுபாடுகளைப் பெற்ற கூட்டமே கிளையினம் எனப்படுவது.

இதனை மொழியோடு ஒப்பிட்டு நோக்கின் எளிதில் விளங்கும். மதுரையார் பேசுவதும் தமிழே. யாழ்ப்பாணத்தார் பேசுவதும் தமிழே. இருவர்க்கும் ஒருவர் கூற்று மற்றவர்க்கு விளங்கும். எனினும் சொல்லிலும் ஓசையிலும் இன்னார் இன்ன ஊரார் என்று அறிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டின் அரசு வண்ணத்துப்பூச்சியாக 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற தமிழ் மறவனும் இத்தகையதே. தென்னிந்தியாவில் வாழ்வது ஒரு கிளையினம். இலங்கையில் வாழ்வது மற்றொன்று.

இவ்விரு நாடுகளையும் இணைக்கும் புதிய கிளையினம் ஒன்று அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. ஆர்மிஸ்டன் என்பார் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நூல் எழுதியவர். அவர் 1924ஆம் ஆண்டில் ஒரு சிறு நீலநிறப் பூச்சிக்கு ‘நக்கடூபா சிங்களா’ என்று பெயரிட்டார். அடிச்சிறகிற் கோடுகள் நிரல்பட ஓடுதலின் இதன் உறவுகளை வரிநீலன்கள் என்னலாம். மேற்சிறகின் நீலம் சாயத்தால் வருவதன்று. சிறகைப் போர்த்திருக்கும் நுண்செதில்களின் அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. நெடுங்காலம் இப்பூச்சி இலங்கைக்கே உரியதென்று கருதப்பட்டது.

தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலையைத் தமிழர் அறிவர். பழைய நூல்கள் பொதியில் என்று போற்றும் மலைத்தொகுதி அது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரந்து, 1868 மீட்டர் உயரம் ஓங்கி நிற்கும் அம்மலை, 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் இடம்பெற்றது. அங்கே கலேஷ் சதாசிவனும் அவருடன் இயைந்த ஆய்வாளரும் ஒரு வரிநீலனைக் கண்டனர். கண்டவுடனே புதியது என்று முழங்கிவிடவில்லை. கண்ணிற்பட்ட காலத்திற்கும் பெயர் பெற்ற காலத்திற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தது. 2021ஆம் ஆண்டில், கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா’ என்னும் ஆய்விதழிலே அதன் விளக்கம் அச்சேறியது.

பத்தாண்டு எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். வரிநீலன்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பன; பறக்கும்போது கற்றவரும் மயங்குவர். ஒரு பூச்சியின் நிறம் சற்று வெளுத்திருப்பது பருவத்தாலும் ஆகலாம், சிறகின் செதில் உதிர்ந்ததாலும் ஆகலாம். ஒன்றைக் கண்டு ஒரு கூட்டத்தின் இயல்பை உரைத்தல் கூடாது. ஆதலின் கிளையினம் ஒன்றை நிறுவுவோர் பல மாதிரிகளை அளக்கின்றனர். மேற்சிறகு, அடிச்சிறகு, உணர்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியே விவரிக்கின்றனர். ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்கின்றனர். பண்டு விவரிக்கப்பட்ட இனத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுகின்றனர். எந்த மலையில், எந்த நாளில், எவரால் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லாத மாதிரி, எத்துணை அழகியதாயினும் ஆய்வுக்கு உதவாது.

மாதிரிகளுள் ஒன்று ‘மூலமாதிரி’ என்னும் தகுதி பெறுகிறது. பிற்காலத்தில் ஐயம் எழுமாயின் அதனையே சான்றாகக் கொள்வர். ஏடுகளிற் பாடம் வேறுபடும்போது மூல ஏட்டை நாடுவது போல்வது அது. ஆயின் மூலமாதிரி என்பது ஊசியிற் குத்திப் பாதுகாக்கப்பட்ட உயிரற்ற பூச்சி. அரிய உயிரை அறிவதற்கு அதனையே கொல்லலாமோ? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நிழற்படம் போதும் என்பாரும் உளர். நிழற்படத்தில் உள்ளுறுப்புகள் தோன்றாமையின், ஒத்த தோற்றமுடைய பூச்சிகளுக்கு அது பெரும்பாலும் போதாது. பெயரில்லாத உயிரைக் காக்கச் சட்டமும் துணைவருவதில்லை. எது வாழ்கின்றது என்று அறியாதார் எது மறைந்தது என்பதையும் அறியமாட்டார். ஆகவே உரிய இசைவு பெற்று, வேண்டிய சிலவற்றை மட்டும் எடுப்பதே தக்கதாகும். விளையாட்டாகப் பிடித்துப் பெட்டியில் அடைப்பதற்கு இந்நியாயம் பொருந்தாது.

இனிப் பெயரைக் காண்போம். புதிய பூச்சியின் முழுப்பெயர் ‘நக்கடூபா சிங்களா ராமசுவாமிஐ’ என்பதாம். விலங்குகளுக்கு இலத்தீன் முறையிற் பெயரிடும் வழக்கம், லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பிலிருந்து தொடங்குகின்றது. முதற்சொல் பேரினத்தையும், இரண்டாவது இனத்தையும், மூன்றாவது கிளையினத்தையும் உணர்த்தும். நன்னூல் கற்றோர்க்கு இங்கே ஒரு சுவை உண்டு. ‘சிங்களா’ என்பது இடம்பற்றி வந்த காரணப்பெயர். ‘ராமசுவாமிஐ’ என்பதன் இறுதி ஒலி இலத்தீனத்தின் ஆறாம் வேற்றுமையைக் காட்டுவது. ‘இராமசுவாமியினுடைய’ என்பது அதன் பொருள். ஒருவரைச் சிறப்பிக்கும் பொருட்டு இவ்வுருபு சேர்த்துப் பெயரிடுதல் அறிஞர் மரபு. பெயரின் பின்னே ‘சதாசிவன், 2021’ என்று எழுதுவதும் அலங்காரமன்று. விளக்கம் உரைத்த ஆசிரியரையும் உரைத்த ஆண்டையும் குறிப்பது அது.

இலங்கைக்கும் பொதியிலுக்கும் இடையே கடலும் வறண்ட சமவெளியும் கிடக்கின்றன. ஈரமலைக் காடுகளில் வாழும் ஒரு சிறு பூச்சி அவற்றைத் தாண்டி நாள்தோறும் போய்வருதல் இயலாது. பிரிந்த இரு கூட்டங்களும் தத்தம் மலையில் தத்தம் வடிவை மேற்கொண்டன. ஒன்று கண்டறியப்பட்டதால் மற்றதன் பெயரும் நீண்டது. ஓரினத்துள் புதிய கிளை வகுக்கப்பட்டால், முதலில் விவரிக்கப்பட்ட கூட்டம் இனப்பெயரையே இருமுறை ஏற்றல் வேண்டும் என்பது விதி. அகத்தியமலைப் பூச்சிக்குப் பெயரிட்ட அன்றே, 97 ஆண்டுகளாக இரண்டு சொற்களால் வழங்கிய இலங்கைப் பூச்சி ‘நக்கடூபா சிங்களா சிங்களா’ ஆயிற்று.